லோ தீவுகளில் ஓர் ஆண்டு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், போர்ட் டக்ளஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு சிறு தீவுகள் உள்ளன. ஒன்றில் வெண்மணலும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. மற்றொன்றைச் சதுப்புநில மரங்கள் மூடியிருக்கின்றன. இவையே லோ தீவுகள். 1928ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு அங்கு வந்து தங்கியது. அதன் தலைவருக்கு வயது 28தான். அவர் பெயர் சார்ல்ஸ் மோரிஸ் யங்.

யங் 1899ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். எடின்பரோவில் விலங்கியல் பயின்ற யங், சிப்பிகள் உணவு உண்ணும் முறையை ஆராய்ந்து பெயர் பெற்றார். அவருடைய மனைவி மேட்டி ஒரு மருத்துவர். குழுவினரின் உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது.

அக்காலத்தில் பவளம் பற்றிப் பலரும் எழுதியிருந்தனர். ஆனால், ஒரே பவளத்திட்டில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கி ஆராய்ந்தவர்கள் மிகவும் குறைவு. யங்கின் குழு அதைச் செய்தது. கடல் வற்றும் நேரங்களில் ஆய்வாளர்கள் திட்டின்மேல் நடந்து, எந்த இடத்தில் எந்தப் பவளம் வளர்கிறது என்று வரைபடம் தீட்டினர். ஆழமான இடங்களில் கனத்த தலைக்கவசம் அணிந்து இறங்கினர். கடல்நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் வாரந்தோறும் குறித்தனர். பவளங்களின் வளர்ச்சியை அளந்தனர். பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலைதான்!

பவளம் கல்லைப்போல் தோன்றினாலும் அது சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். அந்த விலங்குகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பவளத்திற்கு நிறம் தருபவை பெரும்பாலும் அவையே. யங்கும் அவருடைய உதவியாளரும் பவளங்களை இருட்டில் வைத்தும் பட்டினி போட்டும் சோதித்தனர். துன்பத்திற்கு உள்ளான பவளம் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போவதைக் கண்டு பதிவு செய்தனர்.

எனினும், ஒரு முடிவில் யங் தவறினார். பாசிகள் பவளத்தின் கழிவுகளை அகற்றுகின்றனவே அன்றி, உணவு தருவதில்லை என்று அவர் கருதினார். அக்கருத்தை அவர் நெடுங்காலம் கைவிடவில்லை. பாசிகள் சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்திற்குச் செல்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். வெளுத்த பவளம் ஏன் மெலிந்து மடிகிறது என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. முடிவு பிழையாக இருந்தாலும் குழுவினர் எழுதிவைத்த அளவுகள் பிழையாகிவிடவில்லை.

யங் பிரிஸ்டலிலும் கிளாஸ்கோவிலும் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1967இல் 'சர்' பட்டம் பெற்றார். 1986இல் காலமானார். இதற்கிடையே, 1975இல் ஆஸ்திரேலிய அரசு பெரும் தடுப்புப் பவளத்திட்டைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1981இல் அது உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அதன் நலத்தைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். படகு மெதுவாக இழுத்துச் செல்லும் பலகையைப் பற்றியபடி முக்குளிப்பவர்கள் திட்டின் ஓரமாகச் செல்கிறார்கள். உயிருள்ள பவளம் எவ்வளவு, வெளுத்தது எவ்வளவு, பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன்கள் எத்தனை என்று குறித்துக்கொள்கிறார்கள்.

லோ தீவுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. மருத்துவர் நோயாளியின் பழைய குறிப்பேட்டைப் புரட்டுவதுபோல, அங்குள்ள ஆய்வாளர்கள் 1928ஆம் ஆண்டுப் பதிவுகளைப் புரட்டலாம். அப்படி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. நீர் வற்றும்போது வெளியே தெரியும் பகுதியில் பவள வகைகளும் பிற உயிரினங்களும் குறைந்துவிட்டதை அது காட்டியது. பழைய குறிப்புகள் இல்லையென்றால், இப்போது இருப்பதே இயல்பு என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

வடக்கே லிசார்ட் தீவுக்கு அப்பால் உள்ள ஒரு பவளத்திட்டுக்கு யங்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கண்காணிப்புப் படகுகள் சென்று பார்க்கும் திட்டுகளில் அதுவும் ஒன்று.