நீலத்தை அளந்த அறிஞர்

சிவகாசியிலும் சாத்தூரிலும் செய்யப்படும் தீப்பெட்டியின் பக்கத்தில் குச்சியை உரசும் பட்டை ஒன்று உண்டு. முதற்பொறியை எழுப்புவது அதிற் பூசப்பெற்ற சிவப்புப் பாஸ்பரஸே. அத்தனிமம் நம் தசைகளிலும் வேறு வடிவில் உறைகின்றது. அங்கே தீயின்றியே ஆற்றல் வழங்குகின்றது. இவ்வுண்மையை அளந்து கண்டவருள் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதர் உடுத்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாகக் குறைந்த தகுதியுடைய எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராய் உழைத்துக்கொண்டே ஹார்வர்டிற் பயின்றார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து 1925இல் பாஸ்பரஸை அளக்கும் எளிய முறையொன்றை வகுத்தார். பாஸ்பேட் உள்ள கரைசலில் மாலிப்டேட்டையும் ஆக்சிஜன் ஒடுக்கியொன்றையும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். அளவு தெரிந்த மற்றொரு கரைசலின் நீலத்தோடு அதனை ஒப்பிட்டால் பாஸ்பேட்டின் அளவு புலனாகும்.

தசைச் சாற்றில் மட்டும் அந்நிறம் உடனே நிலைபெறவில்லை; நேரம் செல்லச் செல்லக் கடுமையாயிற்று. முறையிலுள்ள பிழையென்று ஒதுக்கியிருக்கலாம்; பலர் அவ்வாறே செய்திருப்பர். இருவரோ நேரத்தைக் குறித்து மீண்டும் மீண்டும் அளந்தனர். அமிலத்தில் எளிதிற் சிதையும் பொருளொன்று சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவிக்கின்றது என்பது தெளிவாயிற்று. 1927இல் அறிவிக்கப்பட்ட அப்பொருளே பாஸ்போகிரியாட்டின். தசை உழைக்கையில் அது சிதைகின்றது. ஓய்வில் மீண்டும் உருவாகின்றது. லாக்டிக் அமிலமே தசையை இயக்குவது என்று அறிஞர் உலகம் கொண்டிருந்த கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவ்விருவர் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டார்.

நொதிகளை ஆராய்வோர்க்கும் இம்முறை பெருந்துணையாயிற்று. நொதி பாஸ்பேட்டைப் பிரிக்கையில், குறித்த இடைவெளிகளிற் சிறிது கலவை எடுத்து நீலத்தை அளந்தால் வினையின் வேகம் எண்ணாகக் கிடைக்கும். ஓர் அளவீட்டை மட்டும் நம்புதல் கூடாது. பன்முறை அளந்து, சராசரியும் பிழையும் கணித்த பின்னரே வினை நிகழும் வழியைத் துணிதல் இயலும்.

சுப்பாராவின் தமையனார் ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தவர். அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் குழுவினர் 1945இல் செயற்கையாக ஆக்கினர். 1948இல் அவர் மறைந்தார். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர் இன்றும் அவர்தம் முறையிற் பாஸ்பரஸை அளக்கின்றனர்.