தச்சர் மகன் தந்த கடிகாரம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விடிய விடியக் கூட்டம் நடந்த காலத்தில், மேடையிலே எரிந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் மேண்டிலைப் பளீரென்று ஒளிரச் செய்த பொருளின் பெயர் தோரியம். அந்தத் தோரியத்தையே ஆராய்ந்து, காலத்தை அளக்க அணுவிலே கடிகாரம் கண்டார் ஓர் உழைப்பாளியின் மகன். அவர்தான் எர்னஸ்ட் ரூதர்போர்டு!

1871-ல் நியூசிலாந்திலே பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளோ பன்னிருவர். உதவித் தொகை பெற்றுப் பெற்றே படித்தார். இங்கிலாந்து செல்வதற்கான உதவித் தொகையிலே இரண்டாம் இடந்தான் கிடைத்தது. முதலிடம் பெற்றவர் விலகிக்கொண்டதால், 1895-ல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

1898-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பேராசிரியரானார். தோரியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத வாயு கசிவதைக் கண்டார். அதைத் தனிக் கலத்திலே சேர்த்து, அதன் கதிர் எழுப்பும் மின்னோட்டத்தை அளந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியிலும் பாதி! 1900-ல் உலகுக்கு அறிவித்தார். இதுவே அரை ஆயுள்.

கூட்டம் கலைவதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 800 பேர் 400 ஆகி, 200 ஆகி, 100 ஆகிறார்கள். அடுத்து எழப்போவது யார் என்று சொல்ல முடியாது. எத்தனை பேர் எஞ்சுவர் என்று சொல்லலாம். அணுக்களும் அப்படியே. ரேடியம் தரும் வாயு பாதியாக ஏறத்தாழ 4 நாள். தோரிய வாயுவுக்கோ ஒரு நிமிடம். எடை போட முடியாத துளியைக்கூட, அது தேயும் வேகங்கொண்டே இன்னதென்று அடையாளம் காணலாம்!

சாடி என்ற இளைஞருடன் சேர்ந்து, ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று 1902-ல் காட்டினார். அணு மாறவே மாறாது என்ற நம்பிக்கை தகர்ந்தது. 1908-ல் நோபல் பரிசு வந்தது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் கிடக்கின்றன. நிலவியலார் சொல்லும் வயது சுமார் 2 கோடி ஆண்டு. ஆனால், 1897-ல் கெல்வின் பிரபு பூமிக்கே கணித்த வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுதான்! 1904-ல் அந்த முதியவர் அவையில் அமர்ந்திருக்கவே, கதிரியக்கத்தை முன்வைத்து, பூமி அதனினும் மிகப் பழையது என்று வாதிட்டார் ரூதர்போர்டு. இன்றைய கணக்கு ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கு வளையவில்லை!

1933-ல் இட்லரின் ஆட்சி விரட்டிய அறிஞர்களுக்கு வாழ்வளிக்க அமைந்த உதவிக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1937-ல் மறைந்தார்.

இன்று மருத்துவமனையிலே 6 மணி நேர அரை ஆயுளுள்ள டெக்னீசியம் நோயைக் காட்டுகிறது. 8 நாள் அரை ஆயுளுள்ள அயோடின் தைராய்டு நோய்க்கு மருந்தாகிறது.

அன்று அந்த உதவித் தொகை கை நழுவியிருந்தால்? நம் தெருக்களிலும் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. மனு எழுதத் தெரியாமல், கடைசி நாள் தெரியாமல் படிப்பை நிறுத்தியவர் எத்தனை பேர்? தோழர்கள் வீடுதோறும் கேட்டறியட்டும். மனுவை எழுதிக் கொடுக்கட்டும் என்பதே நாம் வேண்டுவது.