அடுக்களைத் துறவி

இறைவனை வழிபடுதற்குத் தனி இடமும் தனிப் பொழுதும் வேண்டும் எனக் கருதுவோர் பலர். அடுப்பங்கரையையே ஆலயமாகவும் அன்றாடப் பணியையே வழிபாடாகவும் கொண்டு வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே சகோதரர் இலாரன்சு.

இவரது இயற்பெயர் நிக்கோலா எர்மன் என்பது. இவர் 1614-ஆம் ஆண்டையொட்டி, இலொரேன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 18 வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். சின்னாளில் இம்மரம் தளிர்த்துப் பூத்துக் காய்க்குமன்றோ என எண்ணினார். அவ்வாறு செய்யும் இறைவனின் பேராற்றல் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது; அப்பதிவு இறுதிவரை அழியவில்லை.

ஆயினும் அவர்க்கு உடனே அமைதி கிட்டவில்லை. ஐரோப்பாவை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரில் அவர் படைவீரரானார். அப்போரிற் பட்ட காயத்தால் கால் ஊனமுற்றது. பின்னர்ச் செல்வர் ஒருவரிடம் ஏவலாளராய் இருந்தார். அங்கே கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் தவறவிட்டு உடைத்தார். துறவு பூண்டால் தம் குறைகளுக்குத் தக்க தண்டனை கிடைக்கும் என்று கருதி, 1640-இல் பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்திற் பணிச் சகோதரராய்ச் சேர்ந்தார். அங்குத் தண்டனைக்கு மாறாக மனநிறைவையே பெற்றதாகப் பிற்காலத்தில் கூறுவார்.

மடத்தில் அவர்க்குக் கிடைத்தது சமையற் பணி. அது அவர் இயல்பாகவே வெறுத்த தொழில். எனினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதனைச் செய்தார். அவரது உள்ளத்திலோ நெடுங்காலம் பெரும்போர் நடந்தது. தம் பிழைகளை எண்ணி எண்ணி, தமக்கு மீட்பில்லை என்றே ஏங்கினார். அத்துன்பம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இறுதியில், தமக்கு நேர்வது யாதாயினும் ஆகுக, செய்வன அனைத்தையும் இறைவன்பால் உள்ள அன்பிற்காகவே செய்வது எனத் துணிந்தார். அத்துணிவே அவர்க்கு அமைதியைத் தந்தது.

அதன்பின், சட்டியிற் பண்டத்தைத் திருப்பும்போதும் இறைவனோடு உரையாடினார். செபிக்கும் நேரமும் உழைக்கும் நேரமும் அவர்க்கு ஒன்றாயின. ஒருமுறை திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பெற்றார். கால் ஊனத்தால் படகில் நடக்க இயலாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு சென்றே பணியை முடித்தார். முதுமையில் மடத்தார்க்கு மிதியடி தைத்தார்.

கல்வியிற் சிறந்தோரும் அச்சமையற்காரரை நாடி வந்தனர். புகழ்பெற்ற அறிஞரான பெனலோனும் அவரைக் கண்டு உரையாடினார். 1691-இல் இலாரன்சு மறைந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் யோசேப்பு தெ போபோர் என்னும் குரு தொகுத்து வெளியிட்டார். இறைவன் திருமுன் வாழும் பயிற்சியை உரைக்கும் அந்நூல் இன்றும் பல மொழிகளிற் பயிலப்படுகின்றது.

பணியின் பெருமை அதன் அளவில் இல்லை. அதனைச் செய்வோர்தம் அன்பிலேயே உள்ளது. விரும்பாத வேலை நம்மை வந்து அடையும்போது, அடுக்களையில் நின்ற அந்த முடவரை நாம் நினைவுகூர்தல் நன்று.