வேலூர் டாக்டரம்மா

மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுங்கள் என்று கேட்டதும் ஐடா ஸ்கடர்தான் நினைவுக்கு வந்தார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லாரும் மிஷனரி டாக்டர்கள். ஆனா ஐடாவுக்கு இந்த வாழ்க்கையே வேண்டாம்! நோயுற்ற தாயாரைக் கவனித்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், இன்னொரு இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா வருகிறார் என்றால், ஆண் டாக்டர் கூடாதென்று திரும்பிப் போய்விட்டார்கள். ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். காலையில் சேதி வந்தது, மூன்று பெண்களும் போய்விட்டார்கள். முதலில் படித்தபோது அந்தக் கணவன்மார்மேல் எனக்குக் கோபம்தான். அப்புறம் யோசித்தேன். ராத்திரியில் ஓடிவந்தவர்களுக்கு மனைவிமேல் அக்கறை இல்லாமலா? கூப்பிட ஒரு பெண் டாக்டர் இல்லையே!

1899-ல் கார்னெலில் டாக்டர் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி. ஆனால் ஒருத்தர் எத்தனை பேரைப் பார்ப்பது? பெண்களுக்கே மருத்துவப் பள்ளி கேட்டார். போதிய பேர் விண்ணப்பிப்பார்களா என்று சந்தேகப்பட்டார் அதிகாரி. 1918-ல் வந்தவை 151! முதலாண்டுப் பரீட்சையில் ஆண்கள் பலர் தவற, எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பிப் போக வந்தவர் 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார், 89 வயதில்.