நாற்காலிக் காசில் சிற்பம்: யார் இந்த ஹாரி பெர்தோயா?

வைர வடிவில் வளைந்த கம்பி நாற்காலி. கஃபேக்குள்ளும் இருக்கும், வெளியே தோட்டத்திலும் இருக்கும். எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அதை வடிவமைத்தவர் ஹாரி பெர்தோயா.

1915-இல் இத்தாலியில் பிறந்தவர். 15 வயதில், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருந்த அண்ணனிடம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நகை செய்யக் கற்றுக்கொண்டார், பிறகு கல்லூரியில் உலோக வேலை சொல்லிக்கொடுத்தார்.

1950-இல் நோல் நிறுவனம் அவருக்குப் பட்டறை கொடுத்தது. என்ன செய்யணும்னு கட்டளை எதுவும் போடல. கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தார். 1952-இல் வந்தது டைமண்ட் நாற்காலி. நல்லா விற்றது.

அடுத்து இன்னும் நாற்காலிகள்தானே? இல்லை. வந்த வருமானத்தை வைத்து, 1978-இல் இறக்கும் வரை சிற்பம் செய்தார். தொட்டால் ஒலிக்கும் உலோகச் சிற்பங்கள். நாற்காலி அவருக்கு வாங்கித் தந்தது நேரம்தான்.