28 நாய்களின் கணக்கு

1895-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி, வடதுருவப் பெருங்கடலின் உறைபனியில் சிக்கி நின்ற ‘ஃபிராம்’ என்ற கப்பலிலிருந்து 2 மனிதர்களும் 28 நாய்களும் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். 3 சறுக்கு வண்டிகள், 2 தோல் படகுகள், மனிதர்களுக்கு 100 நாள் உணவு, நாய்களுக்கு 30 நாள் உணவு ஆகியவையே முக்கியக் கையிருப்பு. வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு 30 நாள் உணவு மட்டும் எப்படிப் போதும் என்ற ஐயம் எவருக்கும் எழும். அது கவனக்குறைவால் நேர்ந்த பிழையல்ல. அதற்குப் பிந்தைய நாள்களுக்கான உணவு, அந்த நாய்களேதாம். சுமை குறையக் குறைய நாய்களின் தேவையும் குறையும். தேவையற்றுப் போகும் நாயைக் கொன்று எஞ்சியவற்றுக்கு உணவாக்குவது என்பது திட்டம்.

அந்தத் திட்டத்தை வகுத்தவர் நார்வே நாட்டின் ஃபிரிட்யோஃப் நான்சென். துருவ ஆய்வாளர், விலங்கியல் அறிஞர், கடலியல் பேராசிரியர், தூதர் எனப் பல முகங்கள் கொண்டவர். முதல் உலகப் போருக்குப் பின் நாடிழந்து நின்ற லட்சக்கணக்கானோருக்கு அடையாளச் சான்று பெற்றுத் தந்தவர் என்பதாலேயே உலகம் அவரை இன்று அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. உயிர்களை எண்ணிக்கையாகக் கண்ட திட்டமும், எண்ணிக்கைக்குள் உயிர்களைக் கண்ட தொண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் அமைந்தன. அவ்வாழ்வை அந்த நாய்களின் பக்கமிருந்து பார்ப்பது பயனுள்ளது.

நான்சென் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரின் அருகே பிறந்தார். குளிர்காலக் காட்டில் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் தனியே அலைவது சிறுவயது முதலே அவருக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி. விலங்கியல் பயின்று, பெர்கன் அருங்காட்சியகத்தில் பணியாற்றி, நரம்பு மண்டலம் குறித்த ஆய்வுக்காக 1888-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில், கிரீன்லாந்தின் உட்பகுதிப் பனிப்பரப்பை 5 தோழர்களுடன் கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படாமல், மனித நடமாட்டம் அரிதான கிழக்குக் கரையிலிருந்து தொடங்கினார். பின்வாங்கினால் ஒதுங்க இடமில்லை என்பதால், முன்னேறுவதைத் தவிர வேறு வழி இருக்காது என்பது அவரது தர்க்கம். 2,700 மீட்டருக்கும் அதிகமான உயரம் வரை சறுக்கு வண்டிகளை மனிதர்களே இழுத்துச் சென்றனர். நாய்கள் இல்லை. மேற்குக் கரையை அடைந்தபோது கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழித்து, இன்யூட் மக்களிடம் கயாக் எனும் தோல் படகைச் செலுத்தக் கற்றார். கடுங்குளிரில் வாழத் தெரிந்தவர்களிடம் மாணவனாக அமர்ந்து கற்கும் பணிவு, அக்காலத்து ஐரோப்பியப் பயணிகளிடம் அரிதாகவே காணப்பட்டது.

வடதுருவத்துக்கான அவரது திட்டம் இன்னும் துணிச்சலானது. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ‘ஜெனட்’ என்ற அமெரிக்கக் கப்பலின் பொருள்கள், 3 ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே கிடைத்தன. பனிப்பரப்பே துருவக் கடலின் குறுக்கே நகர்கிறது என்று நான்சென் முடிவு செய்தார். அப்படியானால் பனியோடு போராடுவதைவிட, பனியிலேயே உறைந்து அதன் போக்கில் மிதந்து செல்லலாம் அல்லவா? பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே எழும்பும் வகையில், உருண்ட அடிப்பாகம் கொண்ட ஃபிராம் கப்பலை காலின் ஆர்ச்சர் வடிவமைத்தார். ‘முன்னோக்கி’ என்பது அப்பெயரின் பொருள். 1893 ஜூனில் புறப்பட்ட கப்பல், வழியில் சைபீரிய நாய்களை ஏற்றிக்கொண்டு, அந்தச் செப்டம்பரிலேயே பனியில் உறைந்தது.

கோட்பாடு சரியாகவே இருந்தது. ஆனால், பனி நகர்ந்த பாதை துருவத்தைத் தொடாது என்பது ஓராண்டுக்குப் பின் தெளிவாயிற்று. எனவே கப்பலைத் தோழர்களிடம் விட்டுவிட்டு, யால்மர் யோஹான்சென் என்ற திடகாத்திரமான இளைஞருடன் நடந்தே துருவத்தை எட்ட முயல்வது என நான்சென் தீர்மானித்தார். நகரும் பனியில் இருக்கும் கப்பலைத் திரும்பி வந்து கண்டுபிடிக்க இயலாது. இங்கும் திரும்பும் வழியை அவரே அடைத்துக்கொண்டார்.

நாய்களுடன் குளிர்காலப் பயணம் என்றால், சமவெளியில் வண்டி வழுக்கிச் செல்லும் இனிய காட்சி நம் மனத்தில் தோன்றும். உண்மை அப்படி இல்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தது. பகலில் வியர்வையால் நனைந்த உடை இறுகிப் பனிக்கவசமாயிற்று. சட்டைக் கையின் விளிம்பு உரசி நான்செனின் மணிக்கட்டில் புண் உண்டாயிற்று. இரவில் உறக்கப் பைக்குள் உடல் சூட்டினால் அந்த உடை உருகும். காலையில் வெளியே வந்ததும் மீண்டும் இறுகும். சுவர்போல் எழுந்த பனி வரப்புகளின் மேல் வண்டிகளைத் தூக்கிக் கடத்த வேண்டும். நாய்களின் இழுவைக் கயிறுகள் ஓயாமல் சிக்குப் போட்டுக்கொள்ளும். அவற்றை வெறும் விரல்களால் அவிழ்க்க வேண்டும். 2 மனிதர்களுக்கு 3 வண்டிகள் என்பதால், ஒருவர் எப்போதும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

புறப்பட்ட 10-ஆம் நாள் முதல் நாய் கொல்லப்பட்டது. அதன் இறைச்சியைச் சில நாய்கள் முதலில் தொடவில்லை. பசி முற்றிய பிறகு, தோல் முடி எதையும் மிச்சம் வைக்காமல் தின்றன. தோட்டாக்களைச் சேமிக்க வேண்டியிருந்ததால், கொல்வதற்குக் கத்தியே பயன்பட்டது. களைத்து விழுந்த நாய்களை அடித்து எழுப்பி ஓட்டினார்கள். இவற்றையெல்லாம் நாம் அறிவதற்குக் காரணம் நான்செனே. பயணம் குறித்துத் தாம் எழுதிய நூலில் எதையும் அவர் மறைக்கவில்லை. கொடுமையைக் கொடுமை என்றே குறிப்பிட்டார்; பெரிய இலக்குக்காக நேர்ந்தது என்று சொல்லித் தம் மனத்தை ஆற்றிக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 8-ஆம் தேதி அவர்கள் 86 பாகை 14 கலை வட அட்சத்தில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. ஆனால் துருவம் இன்னும் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவர்கள் வடக்கே நடக்க, காலடிப் பனியோ தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நான்சென் கணக்குப் பார்த்தார்; திரும்பினார். புகழின் வாசலில் நின்றபடி திரும்ப முடிவெடுப்பது எளிதல்ல. அக்காலத் துருவப் பயணிகளில் பலர் மாண்டதற்கு, அந்த முடிவை உரிய நேரத்தில் எடுக்காததும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பனிப்பரப்பின் விளிம்பை, அதாவது திறந்த கடலை அவர்கள் நெருங்கியபோது 28 நாய்களில் எஞ்சியவை இரண்டு: நான்செனின் கைஃபாஸ், யோஹான்செனின் சுக்கென். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஒரு துருவக்கரடி யோஹான்செனைக் கீழே தள்ளி மேலே நின்றது. அந்த இரு நாய்களும் அதன் கவனத்தைத் திருப்பின. அந்த இடைவெளியில் நான்சென் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். யோஹான்செனின் உயிர் தப்பியது.

ஆனால் இனி செல்ல வேண்டியது கயாக் படகில். நாய்களுக்கு அதில் இடமில்லை. சொந்த நாயைக் கொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே மாற்றிக்கொண்டார்கள். நான்செனின் நாயை யோஹான்சென் ஒரு பனிமேட்டுக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். யோஹான்செனின் நாயை நான்சென் அழைத்துச் சென்றார். மற்ற நாய்களுக்குக் கத்தி. இவை இரண்டுக்கு மட்டும் ஆளுக்கொரு தோட்டா செலவிடப்பட்டது. கஞ்சத்தனமாகச் சேமிக்கப்பட்ட கையிருப்பிலிருந்து கொடுக்கப்பட்ட அந்த இரண்டு தோட்டாக்கள், திட்டத்தில் எழுதப்படாத செலவு.

அந்தக் குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தில், கல் அடுக்கி வால்ரஸ் தோல் போர்த்திய குடிசையில் இருவரும் கழித்தனர். கரடி இறைச்சியே உணவு. விந்தை என்னவெனில் இருவரின் உடல் எடையும் கூடியது. ஒரே உறக்கப் பையில் உறங்கிய அவர்கள், 1895-இன் புத்தாண்டு இரவு வரை ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே அழைத்துவந்தனர் என்பது நார்வேயில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

1896 ஜூன் 17-ஆம் தேதி, அதே தீவுக்கூட்டத்தில் நான்செனின் காதில் நாய் குரைக்கும் ஓசை விழுந்தது. அவர்களிடம் நாய்கள் இல்லாமற்போய் 10 மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே அருகில் வேறு மனிதர்கள் இருந்தாக வேண்டும். ஓசை வந்த திசையில் நடந்தவர் முதலில் ஒரு நாயையும், அதன் பின்னே ஃபிரெடரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலப் பயணியையும் கண்டார். ஜாக்சனின் கப்பலில் இருவரும் ஆகஸ்டில் நார்வே திரும்பினர். அதே ஆகஸ்டில், கோட்பாடு சொன்னபடியே பனியிலிருந்து விடுபட்டு ஃபிராமும் வந்து சேர்ந்தது. 13 பேரில் ஒருவரும் சாகவில்லை.

வெற்றி பெற்ற கணக்கு விரைவில் வழக்கமாகிவிடும். நான்செனிடமிருந்து ஃபிராம் கப்பலைப் பெற்ற ரோல்ட் அமுண்ட்சென், 1911-இல் 52 நாய்களுடன் தென்துருவத்துக்குப் புறப்பட்டு 11 நாய்களுடன் திரும்பினார். எந்த இடத்தில் எத்தனை நாய்களைக் கொல்வது என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழுவில் சேர்ந்த யோஹான்சென், அமுண்ட்செனுடன் முரண்பட்டதால் துருவப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டார். 1913-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நான்செனின் துருவப் பயணத்தைத் தோளில் சுமந்தவரின் கதை அப்படி முடிந்தது.

நான்சென் பின்னர் பனிக்குத் திரும்பாமல் பொதுவாழ்வுக்கு வந்தார். 1905-இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது துணைநின்றார்; லண்டனில் தம் நாட்டின் முதல் தூதரானார். 1920-இல் நாடுகளின் சங்கம் போர்க்கைதிகளைத் தாயகம் சேர்க்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. 2 ஆண்டுகளில் 4 லட்சத்துக்கும் அதிகமானோரை அவர் வீடு சேர்த்தார்.

1921-இல் ரஷ்யாவின் வோல்கா பகுதியைப் பஞ்சம் பிடித்தது. நாடுகளின் சங்கத்தின் பேரவையில் அவர் கேட்டது 50 லட்சம் பவுன் கடன். ஒரு போர்க்கப்பலின் விலையில் அது பாதி என்று எடுத்துரைத்தார். அமெரிக்கக் கண்டத்தில் தானியம் குவிந்து கிடப்பதையும், அர்ஜென்டினாவில் மக்காச்சோளம் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருளாவதையும் சுட்டிக்காட்டினார். சோவியத் அரசுக்கு வலிமை சேர்ந்துவிடும் என்று அஞ்சிய அரசுகள் மறுத்துவிட்டன. தனியார் நன்கொடையைக் கொண்டே அவர் இயங்க வேண்டியதாயிற்று. நிவாரணத்தின் பெரும்பகுதி ஹெர்பர்ட் ஹூவரின் தலைமையிலான அமெரிக்க அமைப்பிடமிருந்து வந்தது. பஞ்சத்தில் இறந்தோர் சுமார் 50 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. தானியம் இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. தானியத்துக்கும் பசிக்கும் நடுவே நிற்கும் அரசியலும் அதை உண்டாக்கும் என்பதைப் பொருளியல் நூல்கள் விரிவாக ஆராய்வதற்கு வெகுகாலம் முன்பே அவர் நேரில் கண்டார்.

1922-இல் அறிமுகமான ‘நான்சென் கடவுச்சீட்டு’ அவரது நிலைத்த சாதனை. குடியுரிமை பறிபோன ரஷ்ய அகதிகளுக்கும், பின்னர் ஆர்மீனியர் உள்ளிட்டோருக்கும் எல்லை கடக்க உதவிய அந்தத் தாளை, காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதை வைத்திருந்தவர்களே. அதே ஆண்டு கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசுப் பணத்தை அவர் நிவாரணத்துக்கே செலவிட்டார்.

ஆயினும் பழைய கணக்கு முற்றிலும் அவரை விட்டுப் போகவில்லை. கிரேக்க - துருக்கிப் போருக்குப் பின், இரு நாட்டுச் சிறுபான்மையினரையும் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளும் யோசனையை முன்னெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1923 ஜனவரி உடன்பாட்டின்படி, விருப்பம் கேட்கப்படாமலே 15 லட்சம் பேர் அளவில் பிறந்த மண்ணை இழந்தனர். மேலும் படுகொலைகள் நேராமல் தடுக்க வேறு வழியில்லை என்று வாதிட்டனர். அந்த வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் மதத்தை மட்டும் பார்த்து மனிதர்களை ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு நகர்த்திய கணக்கு அது. அதன் காயம் இரு கரைகளிலும் பல தலைமுறை நீடித்தது.

1930 மே 13-ஆம் தேதி நான்சென் காலமானார். மே 17, நார்வேயின் அரசமைப்பு நாளன்று இறுதிச் சடங்கு நடந்தது. அவர் பெயரில் இயங்கிய அகதிகள் அலுவலகம் 1938-இல் நோபல் பரிசு பெற்றது. அகதிகளுக்குத் தொண்டாற்றுவோருக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் இன்றும் அவர் பெயரால் விருது வழங்குகிறது.

நாய்களைக் கொன்ற குற்றவுணர்வே அவரை அகதிகளிடம் கொண்டுவந்தது என்று கதை கட்ட நான் விரும்பவில்லை, அதற்குச் சான்றில்லை. அவரிடம் கற்க வேண்டியது வேறு. திட்டம் தீட்டுவோர் அனைவரும் செலவைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்பதை வெற்றிக்குப் பிறகு எழுதி வைப்பவர்கள் மிகச் சிலர். துருவப் பயணம் வென்ற பின், நாய்களைப் பற்றிய பக்கங்களை விட்டுவிட்டிருந்தாலும் நான்செனின் புகழ் குறைந்திருக்காது. அவர் விடவில்லை. அதனால்தான் கைஃபாஸ், சுக்கென் என்ற பெயர்கள் 130 ஆண்டுகள் கடந்தும் நமக்குத் தெரிகின்றன.

அணைகள், சுரங்கங்கள், நெடுஞ்சாலைகள் குறித்த நம் திட்ட அறிக்கைகளில் நன்மையும் செலவும் பத்தி பிரித்து எழுதப்படுகின்றன. இடம்பெயர்க்கப்படுவோர் அங்கே ஓர் எண். திட்டம் நிறைவேறியபின் அவர்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்ற கணக்கைத் திறந்து எழுதும் அறிக்கைகள் அரிது. திட்டங்கள் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. துருவக் கடலில் நாய்கள் இல்லாமல் அந்த இருவரும் உயிர் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு 10 ஆண்டுகள் கழித்து, இழந்தவர்களின் நிலையைப் பெயரும் ஊருமாகப் பதிவு செய்யும் ஓர் அறிக்கையைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைப்பதைக் கட்டாயமாக்கலாம். அதற்கு ஆகும் செலவு, அணையின் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு தோட்டாக்களின் அளவே இருக்கும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் - ஓய்வு)