வாடாத தோட்டம்

ஹாஸ்டல் ரூம்ல ஜன்னல் சின்னதுன்னு புலம்புறீங்களா? லிவியாவோட அறையில ஜன்னலே கிடையாது!

யார் இந்த லிவியா? கி.மு. 58-ல் பிறந்த ரோமப் பெண். உள்நாட்டுப் போரில் அப்பா தற்கொலை செய்துகொண்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரோடு ஊர் ஊராக ஓடினார் லிவியா. யாருக்குப் பயந்து ஓடினாரோ, அவரையே கி.மு. 38-ல் மணந்தார்! பின்னாளில் பேரரசரான அகஸ்டஸ்தான் அவர்.

ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில் லிவியாவின் வீடு. அங்கே பாதி நிலத்தடியில், சுமார் 12 மீட்டர் நீளத்தில் அந்த அறை. நான்கு சுவரிலும் ஓவியத் தோட்டம். வெவ்வேறு பருவத்துப் பூவும் பழமும் ஒரே நேரத்துல! உத்துப் பாருங்க, ஒரு பறவை மட்டும் கூண்டுக்குள்ள.

கி.பி. 29-ல், 86 வயதில் இறந்தார். அன்று தூக்கிக்கொண்டு ஓடிய அதே மகன் திபேரியஸ், இப்போ பேரரசர்; இறுதிச் சடங்குக்குக்கூட வரலை.

1863-ல் கண்டெடுத்த அந்தச் சுவர்கள் இன்று ரோம் அருங்காட்சியகத்தில். மாதுளை இன்னும் வாடலை.